பெரிய வெள்ளியன்று கடலில் இறங்கியவர்

நடந்ததைச் சொல்லுமுன், அப்போது நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றியும் பலவாறு பேசியிருக்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் பி.ஏ. பட்டம் பெற்று மயிலாப்பூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தேன். சாந்தோம் கடற்கரையை ஒட்டிய எங்கள் பங்குக் கோயில் சபைக்குக் காரியதரிசி. சபைத் தலைவர் என் மாமனார். பூசையின்போது முதல் வரிசையில் அவருக்கு அடுத்த இடம் என்னுடையது. கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் சாவி என் பொறுப்பில் இருந்தது. குடி, வழக்கு, வம்பு என்று எதையும் என் பெயரோடு சேர்த்து எவரும் பேசியதில்லை. இழக்க ஒன்றுமில்லாதவன் துணிந்துவிட்டான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். இழக்க என்னிடம் நிறையவே இருந்தது.

அந்தப் பெரிய சனிக்கிழமையை நினைத்தால், கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவுக்கு முன்னால் மணலில் குந்தியிருந்த மீன்காரம்மாதான் முதலில் கண்ணில் நிற்கிறார். எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருபவர். தலையில் கூடையில்லாமல் நான் அவரைப் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் ஒரு பழைய பாய்த்துணியால் மூடி அவருடைய கணவரைக் கிடத்தியிருந்தார்கள்.

எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரிய வியாழனன்று பூசையில் மகிமைப் பாடல் பாடும்போது கோயில் மணிகள் ஒலிக்கும். பிறகு ஆண்டவருடைய மரணத்தை முன்னிட்டு அவை ஊமையாகிவிடும். மரப்பலகையைத் தட்டித்தான் மக்களை அழைப்பார்கள். அந்நாளில் உயிர்ப்பின் பூசை சனிக்கிழமை காலையிலேயே நடக்கும். அதில் மறுபடியும் மகிமைப் பாடலைத் தொடங்கியதும் எல்லா மணிகளும் ஒருசேர அடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் யார் இறந்தாலும் துக்க மணி கிடையாது. பெரிய வெள்ளியன்று எங்கள் குப்பத்தார் எவரும் கடலில் காலை வைப்பதும் கிடையாது. ஆண்டவர் இறந்துகிடக்கும் நாளில் வலை வீசுவது மகாபாவம் என்று பாட்டன் காலத்திலிருந்தே நம்பிக்கை.

மீன்காரம்மாவின் கணவரை எனக்குப் பிடிக்காது. குடிப்பார், சண்டைக்கு நிற்பார். உயிர்ப்புத் திருநாளையொட்டிய பாஸ்குக் காலத்தில் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தை அவ்வருடம் செய்யவில்லை. அதனால் ஆண்டவருடைய சுரூபத்தைக் கிடத்திப் பவனி கொண்டுபோகும் தூம்பாவைத் தூக்கும் உரிமையைச் சபை அவரிடமிருந்து பறித்தது. அவருடைய குடும்பத்துக்குத் தலைமுறையாக இருந்த உரிமை அது. அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். இன்றும் அது சரியான தீர்மானமே என்கிறேன்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நாங்கள் எல்லோரும் கோயிலுக்குள் மூன்று மணி நேரத் தியானத்தில் இருந்தோம். அவர் மட்டும் கரையில் படுத்துக்கிடந்தார். பக்கத்துக் குப்பத்து இந்து மீனவர் மூவர் சென்ற கட்டுமரம் திடீர்க் காற்றில் அலைவாயில் கவிழ்ந்து, கட்டு அவிழ்ந்து, கட்டைகள் சிதறின. இவர் தம்முடைய கட்டுமரத்திலிருந்து ஒரு கட்டையை உருவிக்கொண்டு இறங்கினார். இருவரை ஒவ்வொருவராகக் கரைசேர்த்தார். மூன்றாமவருக்காகத் திரும்பப் போனார். மூன்றாமவர் கட்டையோடு ஒதுங்கினார், இவர் ஒதுங்கவில்லை. மறுநாள் விடியலில் அடையாற்று முகத்துவாரத்தில் உடல் கிடைத்தது.

சுமந்து வந்தவர்கள், காப்பாற்றப்பட்டவர்களின் உறவினர்கள். நெற்றியில் திருநீற்றோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார்கள். பூசையின் நடுவே செய்தி கேட்டு என்னோடு வெளியே வந்த என் மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய வெள்ளிக்கிழமை எவனாவது கடல்ல காலை வைப்பானா? வச்சான், போய்ச் சேர்ந்தான். பாவசங்கீர்த்தனமும் இல்லை. சுவருக்கு வெளியே பள்ளம் தோண்டிக்கோ."

மீன்காரம்மா எழுந்திருக்கவில்லை. "காலை வெச்சாருதான், யாரு இல்லேன்னா? வெக்காம இருந்தா இன்னிக்கி மூணு வூட்ல எழவு. இப்ப என் வூட்ல மட்டும்தான் கீது. மரச் சாமியத் தூக்க இத்தினி பேரு அட்ச்சிக்கிறீங்களே, மனுசனத் தூக்க ஒரு தோளு இல்லியா? திருநீறு பூசின தோளுதான் வந்துச்சு."

கூட்டத்திலிருந்த மீன்காரப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, "தோளு தேஞ்சிடும் அக்கா, கோட்டு போட்ட தோளு!" என்றாள். மாமனாரின் முகம் கறுத்தது.

"மணி கேட்காதே. இன்னிக்குத் துக்க மணி கிடையாது" என்றார்.

"தெரியும் நைனா. துக்க மணி யாரு கேட்டா? கோயிலுக்குள்ள பூசையில மணி அடிக்கும்ல, அதுவரைக்கும் இங்கியே குந்திக்கினு இருப்பேன். அது அடிக்கிறப்போ அவரைத் தூக்கிக்கினு உள்ள போவேன்."

எங்கும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஆண்டவரின் உயிர்ப்புக்கென்று அடிக்கும் மணியில் ஒரு குடிகாரரை அடக்கம் செய்வதா? மாமனார் என்னைத் தனியே அழைத்தார். அவர் கொடியவர் அல்லர். கௌரவமாக ஒரு வழி தேடினார். "மாப்பிள்ளை, ஒரு வார்த்தை போதும். முங்கும்போது 'ஆண்டவரே'ன்னு கூப்பிட்டான்னு அந்தப் பொம்பளையைச் சொல்லச் சொல்லுங்க. கடைசி நேரத்துல பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டான்னு நான் எடுத்துக்கிறேன். கதவைத் திறந்துடலாம். யாருக்கும் தலைக்குனிவு இல்லை."

நான் போய் மீன்காரம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நான் கோயிலுக்குள்ள முட்டி போட்டுக்கினு இருந்தேன் வாத்தியாரே. அவரு இன்னா கூவினாரோ எனுக்கு எப்படித் தெரியும்? இல்லாததச் சொல்லி அவருக்கு ஒரு குழி வாங்கணுமா?"

திரும்பி வந்தேன். "மாமா, அந்தம்மா சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டாம். பிறருக்காக உயிரைக் கொடுத்தால் இரட்சணியம் என்றுதானே நேற்று மூன்று மணி நேரம் முழங்காலிட்டுக் கேட்டோம்? அது உண்மையானால் இவர் உள்ளே கிடக்கலாம். பொய்யானால் நம் பாட்டனார்களும் உள்ளே கிடக்க வேண்டியதில்லை."

"சாவியைக் கொடுங்க."

"கொடுக்க மாட்டேன், மாமா."

இரக்கத்தால் இதைச் செய்ததாக யாரும் எண்ண வேண்டாம். ஒரு தேற்றத்தை ஏற்றுக்கொண்டு அதன் முடிவை மட்டும் மறுக்கிற மாணவனை நான் வகுப்பில் உட்காரவிட்டதில்லை.

கோயிலுக்குள்ளே மகிமைப் பாடல் எழுந்தது. மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெடித்துக் கிளம்பின. கோபுரத்துப் புறாக்கள் கலைந்து கடற்பக்கம் பறந்தன. மீன்காரம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். நான் கதவைத் திறந்தேன். திருநீறு பூசிய நால்வர் அவருடைய கணவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்கள். அத்தனை மணிகளுக்கும் கீழே மீன்காரம்மா அழுததாக எனக்கு நினைவில்லை. நிமிர்ந்து நடந்தார்.

பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியார் வந்தார். அடக்கத்துக்குரிய கறுப்பு உடுப்புக்கு மாறவில்லை; உயிர்ப்பின் வெள்ளை உடுப்போடேயே குழியருகில் நின்றார். "பாவசங்கீர்த்தனம் செய்தாரா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை, சுவாமி."

"கடைசியில் மனஸ்தாபப்பட்டதற்குச் சாட்சி?"

"இல்லை, சுவாமி. மூவர் உயிரோடிருக்கிறார்கள். அவ்வளவுதான்."

 சுவாமியார் அன்று காலை மந்திரித்த புதுத் தண்ணீரைக் கொண்டுவரச் செய்து தெளித்தார். அதற்காக மேலிடத்தில் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். என்ன பதில் சொன்னார் என்று தெரியாது.

அடுத்த வாரம் சபை கூடி என்னைக் காரியதரிசிப் பொறுப்பிலிருந்து நீக்கியது. முதல் வரிசையில் என் இடம் போயிற்று. மாமனார் இறக்கும்வரை என் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. அந்த வருத்தத்தை என் மனைவிதான் சுமந்தாள். மீன்காரம்மா நன்றி என்று எதுவும் சொன்னதில்லை. வாரம் திரும்பியதும் கூடையோடு வந்து, "வஞ்சிரம் கீது, இன்னா சொல்றீங்க?" என்று வழக்கம்போல விலையில் முரண்டு பிடித்தார். எனக்கு அதுவே பொருத்தமாக இருந்தது.

இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். காது மந்தம் என்றாலும் பிரசங்கம் கேட்கும் அளவுக்கு இருக்கிறது. போன வருடம் பெரிய வெள்ளியன்று ஒரு இளம் சுவாமியார் இந்தக் கதையை உருக்கமாகச் சொன்னார். அந்த மீனவர் மூழ்கும் தறுவாயில் வானத்தை நோக்கிக் கைகளை விரித்து, "யேசுவே, என்னை மன்னியும்" என்று மும்முறை கூவினாராம். அதனால்தான் கல்லறைக் கதவு திறந்ததாம். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த மீனவருக்கு இந்த அலங்காரம் தேவையென்று நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் அப்படிக் கூவவில்லை. கட்டையோடு கரை ஒதுங்கிய மூன்றாமவர், உடம்பு தேறியபின் என்னிடம் நேரில் சொன்னார். அதற்குள் கடல் மேலும் கொந்தளித்துவிட, ஒரு கட்டை இருவரைத் தாங்காது என்று கண்டதும் இவர் கையை எடுத்துவிட்டார். அப்போது சொன்னது ஒன்றே: "கட்டையப் புட்ச்சிக்கோடா, வுட்டுடாதே."