சமைக்காத குசினி

மேசை நிறையச் சட்டிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொருவரும் தாம் கொண்டுவந்த சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கூட்டுச் சாப்பாடுகளை நினைக்கும்போது முதலில் கண்ணுக்குள் வருவது அந்தக் காட்சிதான். துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் என் வாடகை வீடு. தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறி. கீழே, மரியாதையாகச் சிரித்துக்கொண்டே தன் கறியைத் தானே தின்று முடிக்கும் விருந்தாளிகள்.

நாங்கள் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்தோம். நான் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தபோது, பக்கத்து மேசைக்காரரின் பிள்ளைகளுக்கு என்ன பெயர் என்றுகூட அங்கே ஒருவருக்கும் தெரியாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒருவர் வீட்டில் கூடுவோம், ஆளுக்கொரு கறி கொண்டுவருவோம் என்று தொடங்கிவைத்தது நான்தான். தொடங்கிய பிறகுதான் சிக்கல் விளங்கியது. சரக்குப் பகுதி அண்ணையும் மனைவியும் சுத்த சைவம். மீன் ஏறிய சட்டியில் வெந்த பருப்பைக்கூடத் தொடமாட்டார்கள். கிண்ணியாவிலிருந்து கணவரோடு பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வரும் எங்கள் அலுவலகத் தங்கச்சி ஹலால் பார்க்க வேண்டும். நத்தார்ப் பண்டிகைக்குப் பன்றி சமைக்கும் என் வீட்டில் அவள் எப்படிக் கைநனைப்பாள்? ஒருவரும் ஒருவரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது கதைத்துத் தீர்த்திருக்கலாம். எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருந்து, அரைவாசிச் சட்டிகளை மூடியபடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனோம்.

இதற்குள் மேடமும் சேர்ந்துகொண்டார். எங்கள் கணக்குப் பகுதித் தலைவி அவர். தனி ஆள், ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்தன. அவர் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே தேநீர் மேசையில் கதை நின்றுவிடும். ஒருநாள் அப்படிக் கதை நின்ற இடத்தில் அவரும் நின்று, “நானும் வரலாமோ?” என்று கேட்டார். ஏலாதென்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கடைப் பாணும் ஒரு கேக்கும் கொண்டுவந்து, கதிரையின் நுனியில் நேராக உட்கார்ந்து, எங்களைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்சநஞ்சம் இருந்த பேச்சும் வற்றிப்போனது. இதோடு நிறுத்திவிடுவோம் என்று அண்ணை என்னிடம் இரகசியமாகச் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மனம் சோர்ந்துபோயிருந்தது.

அந்த நேரத்தில்தான் மேடம் அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, கட்டளை போடும் அதே குரலில், அடுத்த சனிக்கிழமை தன்னுடைய வீட்டில் என்றார். ஒருவரும் சமைத்துக்கொண்டு வரக்கூடாதாம். பச்சைச் சாமான்களோடு மத்தியானமே வந்துவிட வேண்டுமாம்.

உவர்மலையில் அவருடைய சின்ன வீட்டுக்குள் நுழைந்ததும் எங்களை நேரே குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்படி ஒரு குசினியை நான் கண்டதில்லை. சுவரில் ஒரு எண்ணெய்ப் பொட்டுக் கிடையாது. அடுப்பு, வாங்கிய நாள் போலப் பளபளத்தது. சுவர்த் தட்டில் சட்டிகளும் கரண்டிகளும் கடை ஒட்டுத்தாள் உரிக்காமல் இரண்டு வரிசையாக இருந்தன.

“இந்தக் குசினியில தேத்தண்ணியைத் தவிர ஒண்டும் கொதிக்கேல்லை” என்றார். “மீனும் ஏறேல்லை, இறைச்சியும் ஏறேல்லை. நான் கடைப் பார்சல் சாப்பிட்டே காலத்தைப் போக்கினனான். இந்த வரிசைச் சட்டி மரக்கறிக்கு, மற்றது கோழிக்கு. இனி நீங்கள்தான் சமைக்கோணும். எனக்கு ஏலாது.”

கதிரை நுனியில் இருந்து அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிண்ணியாத் தங்கச்சி முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு சட்டியின் ஒட்டுத்தாளை உரிக்கத் தொடங்கினாள். அண்ணையின் மனைவி அடுத்ததை எடுத்தார்.

பிறகு அந்தக் குசினி கொண்ட அமளியைச் சொல்லி முடியாது. பருப்புக்குத் தாளிதம் முதலிலா கடைசியிலா என்று அவர்கள் இருவரும் பிடித்த வாக்குவாதத்தில்தான் அண்ணையின் மனைவிக்கு அவ்வளவு கணீரென்ற குரல் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அவர் மூதூர்க்காரர் என்பதும், அவருடைய அப்பா தோப்பூர்ச் சந்தையில் கடை வைத்திருந்தார் என்பதும் தேங்காய் துருவும்போது வெளிவந்தன. தங்கச்சியின் கணவருக்குத் தோப்பூர்தான் பிறந்த ஊர். அந்தக் கடையில் இனிப்பு வாங்கித் தின்ற கதையை அவர் சொல்ல, அண்ணையின் மனைவி துருவலைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மேடத்துக்கு வெங்காயம் வெட்டும் வேலை கொடுத்தோம். அவர் கணக்குப் பார்க்கும் நிதானத்தோடு ஒரு வெங்காயத்தை வெட்டி முடிப்பதற்குள் கத்தரிக்காய் வெந்துவிட்டது. அந்தத் தெருக்களில் மாடுகள் போலத் திரிந்து, வாசல் படலையடியில் வந்து நின்ற மான்களுக்கு நான் காய்த்தோல் கொண்டுபோய்ப் போட்டேன். உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் ஒருநாளும் நான் கேட்டிராத இரைச்சல். அதைக் கேட்பதற்காகவே கொஞ்ச நேரம் வெளியில் நின்றேன்.

கதிரை போதவில்லை, நிலத்தில் பாய் விரித்து இருந்தோம். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் எல்லோர் தட்டிலும் ஏறின. கோழி கைமாறி வந்தபோது அண்ணை அதைத் தானே வாங்கித் தங்கச்சியின் கணவருக்குப் பக்கத்தில் வைத்தார். மேடம் இரண்டாம் தரம் சோறு போட்டார், பிறகு மூன்றாம் தரமும். “சோறு இவ்வளவு சூடாயிருக்குமெண்டதை மறந்துபோனன்” என்றார். அதைச் சொல்லிவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டார். தங்கச்சி எழும்பிப் போய் இன்னும் கொஞ்சம் பருப்பு எடுத்துவந்து அவருடைய தட்டில் ஊற்றினாள்.

அதன்பிறகு யாரும் நிறுத்துவதைப் பற்றிப் பேசவில்லை. கூட்டுச் சாப்பாட்டுக்கென்றே எங்கள் எல்லோர் வீட்டிலும் புதுச் சட்டிகள் வந்தன. என் மகன் காய்ச்சலில் கிடந்த கிழமை, கிண்ணியாவிலிருந்து கஞ்சி வந்தது. அண்ணையின் மனைவி வந்து பக்கத்தில் இருந்தார். மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டால், தேநீர் மேசையருகே ஒரு கதிரையை இழுத்துப் போடுவோம்.

மேடம் ஓய்வுபெற்று இப்போது வவுனியாவில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் பெண்கள் பலர் ஒரே நேரத்தில் கதைக்கும் சத்தம். யாரோ எதையோ கீழே போட்டு உடைக்க, ஒரு சிரிப்பலை.

“பிள்ளை, இந்த ஒழுங்கையில ஒருத்தருக்கும் ஒருத்தரைத் தெரியாது. அதுதான் எல்லாரையும் வரச்சொன்னனான். இப்ப அடுப்படியில நிக்கிறம். சொதிக்குத் தேசிக்காய்ப் புளி எப்ப விடுறது? கெதியாச் சொல்லுங்கோ, கொதிக்குது.”

இறக்கின பிறகு என்று சத்தமாகச் சொல்லி அனுப்பினேன்.