மூன்று வெட்டு ஹோல்டர்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் 'வேற வேலை இல்லையாப்பா' என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆவடி சேக்காட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தேன், பாதி வாழ்க்கை இருட்டறைக்குள், அதுவும் தனியாக, ஒன்றும் வந்து என்னைப் பிடித்ததில்லை. நீங்கள் நம்பப் போவதில்லை என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது, பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. எல்லோரும் ரோல் கேமராவுக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் குரூப் போட்டோ என்றால் நான் பெரிய மரக் கேமராவைத்தான் தூக்குவேன், எத்தனை பேர் நின்றாலும் ஒவ்வொரு முகமும் தெளிவாக விழும். அதில் சுருள் ஃபிலிம் கிடையாது. உள்ளங்கையைவிடப் பெரிய ஃபிலிம் தாளை இருட்டில் ஹோல்டர் என்கிற தட்டையான மரச்சட்டத்துக்குள் செருகிக் கறுப்பு அட்டைத் தகடு போட்டு மூட வேண்டும், கேமராவின் பின்னால் மாட்டியபின் தகட்டை உருவிவிட்டுப் படம் எடுக்க வேண்டும். ஒரு ஹோல்டரில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. என்னிடம் மூன்று ஹோல்டர்கள் இருந்தன, எல்லாம் பழசாக வாங்கியவை. சனியன் அதில்தான் வந்து உட்கார்ந்தது.

பிரிண்ட் போட்டால் படத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. எங்கோ வெளிச்சம் கசிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. வெளிச்சம் புகாமல் ஹோல்டர் வாயில் ஒட்டியிருக்கும் வெல்வெட்டைக் கிழித்துப் புதுசு ஒட்டினேன், மூலைக்கு மூலை கறுப்பு டேப் சுற்றினேன், கேமராவின் மடிப்பு மடிப்பான துருத்திக்குள் பல்பை விட்டு இருட்டில் ஓட்டை தேடினேன், ஒரு ஊசிமுனை வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. சரி, தீர்ந்தது என்று அடுத்த படம் எடுத்தால் மறுபடி அதே கோடு. அம்பத்தூரில் ஒரு கம்பெனி பிரிவுபசார குரூப்பில் அது சரியாக ஓய்வு பெறுகிறவர் மூஞ்சியிலேயே விழுந்து, நான் பட்ட அவமானத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. என் மனைவி ராணி வேறு, "இன்னாய்யா, அந்த மரப்பொட்டிய கட்டிக்கினு அழுவுற, தூக்கி அடுப்புல போடேன்" என்று கிண்டல் செய்துகொண்டே இருந்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஹோல்டரின் உள்விளிம்பில் அரத்தால் சின்னதாக வெட்டுப் போட்டுவைப்போம், முதல் ஹோல்டருக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. ஃபிலிமைக் கழுவியதும் நெகட்டிவின் ஓரத்தில் அந்த வெட்டுகள் கறுப்பாகத் தெரியும், எந்தப் படம் எந்த ஹோல்டரில் எடுத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். நானும் வெட்டினேன். அதற்குப் பிறகு கோடு விழுந்த நெகட்டிவ் எல்லாவற்றிலும் மூன்று வெட்டு. வந்த கோபத்தில் அந்த ஹோல்டரைக் காலால் மிதித்து உடைத்து, ராணி சொன்ன மாதிரியே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். தகடு உட்பட எல்லாம் எரிந்து சாம்பலானதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெந்நீரில்தான் அன்றைக்கு அவள் குளித்தாள். மிச்சம் இரண்டையும் சோதித்தேன், கோடு இல்லை, நிம்மதி.

அடுத்த வாரமே அண்ணனூரிலிருந்து ஸ்டெல்லா என்கிற பெண் அழுத கண்ணோடு வந்து நின்றாள். அவள் அம்மா இறந்துவிட்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள், கல்லறைக்குத் தூக்குவதற்கு முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். "அண்ணே, எங்கம்மாவுக்கு போட்டோன்னாலே ஆவாது. என் கல்யாணத்துலகூட மூஞ்ச மூடிக்கினு உள்ள பூட்டாங்க. ஊட்ல அவங்க படம்னு ஒண்ணுகூட இல்லண்ணே. இத்த உட்டா எனக்கு அம்மா மூஞ்சே இல்ல" என்றாள். என் சின்னக் கேமராவை மச்சான் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருந்தான். பெரிய கேமராவோடு கிளம்பினேன்.

தெருவில் சாமியானாவுக்குக் கீழே, நல்ல பகல் வெளிச்சம். முகம் தெரிவதற்காகப் பெட்டியின் தலைப்பக்கத்தைப் பெஞ்சில் உயர்த்தி வைத்திருந்தார்கள். இரண்டு ஹோல்டரிலும் நான்கு படம் எடுக்கலாம். மூன்று எடுத்தேன். நான்காவதுக்கு இரண்டாவது ஹோல்டரைத் திருப்பி மாட்டும்போது, ஸ்டெல்லா குனிந்து அம்மாவின் காதருகில், "கோச்சுக்காதம்மா, எனக்காக இந்த ஒரு தபா காட்டிடும்மா" என்றாள். எடுத்தேன். பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் கழுவிப் பார்த்தால், முதல் நெகட்டிவில் கோடு. அந்த அம்மாளின் கண்ணையும் மூக்கையும் மறைத்துக்கொண்டு, சரியாக அங்கேயே. இரண்டாவதிலும் கோடு, மூன்றாவதிலும். எனக்குக் கையைக் காலை உதைத்துக்கொண்டு கத்த வேண்டும் போல் இருந்தது. எரித்த ஹோல்டரின் கோடு இதில் எப்படி வரும்? அடக்கம் முடிந்துவிட்டது, இனி யாரைப் படம் எடுப்பது, அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? நான்காவதை விளக்குக்கு முன்னால் தூக்கவே பயமாக இருந்தது.

கோடு இல்லை. அந்த அம்மாளின் முகம் அத்தனை தெளிவு. 'மாதாவே' என்று எந்த மதமும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பிறகுதான் ஓரத்தைப் பார்த்தேன். மூன்று வெட்டு.

விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நகத்தால் தடவி எண்ணினேன், மூன்றுதான். இரண்டு ஹோல்டரையும் எடுத்துப் பார்த்தேன், ஒன்றில் ஒன்று, மற்றதில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு. ராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிண்டல் செய்வாள் என்று பார்த்தால், நெகட்டிவை வாங்கி அவளும் எண்ணினாள். "அது எரிஞ்சத நானுந்தானே பாத்தேன்" என்றாள், அவ்வளவுதான்.

நல்ல படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். கோடு விழுந்தவற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் அழுதாள், சிரித்தாள், விரலால் அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம், "எப்பண்ணே வாய்க்கட்ட அவுத்தீங்கோ? நான் பாக்கவே இல்லியே" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டுடியோவுக்கு வந்து மற்ற மூன்று நெகட்டிவையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் கோட்டுக்குக் கீழே, தாடையை இழுத்துப் பிடித்துத் தலைக்கு மேல் முடிந்த துணி இருக்கிறது. இறந்தவர்களின் வாய் திறந்துகொள்ளாமல் கட்டுவார்களே, அந்தத் துணி. நான்காவதில் அது இல்லை. வாய் மட்டும் தானாக மூடியிருக்கிறது, சாதாரணமாக, படத்துக்கு உட்காரச் சொன்னால் நாம் எல்லோரும் மூடிக்கொள்வதைப் போல.

ஸ்டெல்லாவிடம் நான்தான் அவிழ்த்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். "அதோட புடிச்சிருந்தா அம்மாவுக்கு ஆவவே ஆவாதுண்ணே, நல்ல வேல பண்ணீங்கோ" என்று இன்றைக்கும் பார்க்கிற இடத்தில் எல்லாம் சொல்கிறாள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு நான் கேமராவைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை.