இறக்கினால் திறக்கிற கொடி

மருமகள் கவிதா கூடத்து மேசையில் சால்டரிங் வைத்தால் ஒரு புகை எழும். பழைய டீசல் எஞ்சின் புகைக்கு அது தூரத்துச் சொந்தம். எனக்குப் பிடிக்கும். உப்பளத்துத் தண்ணீர் மட்டத்தைப் பதிந்து வைக்கிற கருவி ஒன்றை அவள் செய்துகொண்டிருந்தாள். அன்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமா ஆச்சு?"

"ரெண்டு மெமரி சிப்பு மாமா. ரெண்டுத்துக்கும் ஒரே கம்பிங்கதான். எத கூப்புடுறமோ அதோட தனிக் காலுல மட்டும் வோல்டேஜ கீழ எறக்கணும். மொத சிப்போட எட எல்லைய புரோகிராம்ல பெருசா எழுதிட்டேன். ரெண்டாவதோட எடத்துக்குப் போனா ரெண்டு காலும் எறங்குது. ரெண்டும் ஒண்ணா பதில் சொல்லி எல்லாம் கொழம்புது."

சிரித்துவிட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது; இதைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். ஆனால் இந்தக் குழப்பம் எனக்குத் தெரியும். இதில் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

அப்போது மரக்காணத்தில் எங்கள் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்க ஒரே எஞ்சின், ஒரே வாய்க்கால். கிழக்கே எங்கள் ஆட்கள், மேற்கே மாணிக்கத்தின் ஆட்கள். எஞ்சின் ஓடும்போது கூப்பிட்டால் காதில் விழாது. அதனால் கொட்டகைக் கம்பத்தில் இரண்டு கொடிகள். யார் கொடி இறங்குகிறதோ அவர்கள் மட்டும் மடை திறக்க வேண்டும். ஏன் இறக்க வேண்டும் என்கிறீர்களா? கடற்காற்றில் எந்நேரமும் ஆடுகிற துணியை யார் பார்ப்பார்கள்? காணாமல் போனால்தான் கண்ணில் படும்.

நடுவில் புதிதாகக் கொஞ்சம் பாத்தி கட்டினார்கள். அது யார் பொறுப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. எஞ்சின்காரர் ராஜவேலு, பொதுதானே என்று இரண்டு கொடியையும் இறக்கிவிட்டார். நாங்களும் திறந்தோம், அவர்களும் திறந்தார்கள். உப்புப் பூக்க இருந்த பாத்திகளிலெல்லாம் புதுத் தண்ணீர் புகுந்து கெடுத்தது. நடுப்பாத்தி மடையை யாரும் தொடவில்லை; அது மட்டும் காய்ந்தே கிடந்தது.

மாணிக்கம் மண்வெட்டியோடு வந்தார். அவர் மகள் அஞ்சலைக்கும் எனக்கும் அப்போதுதான் நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள்.

"ஏம்பா, என் கொடி எறங்குனா நீ இன்னாத்துக்கு மடைய தொறக்குற?"

"என் கொடியும்தான் எறங்குச்சு மாமா."

"மாமாவா? கண்ணு தெரியாதவனுக்கெல்லாம் பொண்ணு கெடையாது, போ!"

பின்னாலேயே வந்த அஞ்சலை, தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து ராஜவேலுவிடம் நீட்டினாள்.

"நடுப்பாத்திக்கு இத கட்டுண்ணே. இது எறங்குனா அவரு ஆளுங்க மட்டும் தொறக்கட்டும். எங்காளுங்க கைய கட்டிக்கினு நிக்கட்டும். நீயும்தாம்பா."

"இப்பவே அவன் பக்கம் பேசுறா பாரு!" என்றார் மாணிக்கம். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கல்யாணம் நடந்தது.

இதைக் கேட்ட கவிதா முதல் சிப்பின் எல்லையைச் சுருக்கி எழுதினாள். இரண்டும் முறை வைத்துப் பேச ஆரம்பித்தன.

இப்போது எஞ்சினும் இல்லை, கொட்டகையும் இல்லை. மோட்டாருக்குப் போனிலேயே உத்தரவு போகிறது. மாணிக்கம், ராஜவேலு, அஞ்சலை மூவரும் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் போனால் கம்பம் இருந்த இடத்தை இன்றும் அண்ணாந்து பார்ப்பேன். ஒரு கொடியும் தெரியாது. எங்கள் வழக்கப்படி கொடி தெரியாவிட்டால் உத்தரவு வந்துவிட்டது என்று அர்த்தம். திறக்க நான் தயார். மடையைத்தான் காணோம்.