வேல்ஸ் பாதிரியாருக்கு ஒரு செபம்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்துப் பழைய சாமான் சந்தையில் அந்த எண்ணெய் ஓவியத்தை நான் வாங்கியதற்கு ஒரே காரணம், அதிலிருந்தவருக்கும் என்னைப் போலவே நடுமண்டையில் மயிர் இல்லை என்பதுதான். வேல்ஸ் நாட்டில் பெரும் பெயர் எடுத்த பாதிரியார் என்று படச்சட்டத்தின் பித்தளைத் தகடு சொன்னது. வழுக்கையோடும் புகழ் பெறலாம் என்பது வீட்டாருக்குத் தெரியட்டும் என்று வரவேற்பறையில் மாட்டினேன். மனைவி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வீட்டிலை ஒரு மொட்டை போதாதெண்டோ?"

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் காதலன் தன் தாயைக் கொலோனிலிருந்து கூட்டிவந்தான். அந்த அம்மா தலையாட்டினால்தான் கலியாணம். மகள் முந்தின நாளிலிருந்தே சாப்பிடவில்லை. நான் அவளுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

வந்த அம்மா செருப்பைக் கழற்றி நிமிர்ந்தார். படத்தைக் கண்டார். எங்கள் ஆட்களின் வீட்டில் இவ்வளவு பெரிய சட்டத்துக்குள் ஒரு கிழவர் தொங்கினால், அவர் செத்துப்போன தகப்பனாராகத்தான் இருக்க வேண்டும். பழைய வார்னிஷ் கறுத்துப்போய்ப் பாதிரியாரும் எங்கள் ஊரான மன்னாரின் நல்ல நிறத்துக்கு வந்திருந்தார். என் மண்டை வேறு சாட்சி சொன்னது.

"நல்ல காரியம் கதைக்க முதல் ஐயாவின்ரை ஆத்துமாவுக்கு ஒரு செபம் சொல்லுவம்" என்று சிலுவை போட்டுத் தொடங்கிவிட்டார்.

தொடங்கிய செபத்தை இடையில் நிறுத்துகிற துணிவு எந்தக் கத்தோலிக்கனுக்கு உண்டு? அவர் முன்னே சொல்ல, நாங்கள் பின்னே சொன்னோம். மகளின் தோள்கள் குலுங்கின. மனைவி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தாள். எனக்குக் கண்ணீர் வழிந்து மீசைக்குள் இறங்கியது.

"பாசமான குடும்பம்" என்று அவரும் கண்ணைத் துடைத்தார். "அண்ணை, ஐயா எப்ப தவறிப்போனவர்?"

"ஐயா மன்னாரிலை இருக்கிறார், அக்கா. இண்டைக்குக் காலமையும் போன் எடுத்து என்னை ஏசினவர்."

"மாதாவே! அப்ப இவர் ஆர்?"

"வேல்ஸ் நாட்டுப் பாதிரியார்."

"கத்தோலிக்கரோ?"

"அதுவும் இல்லை."

மகளின் காதலன் சோபாவில் விழுந்து சிரித்தான். தாய் சிரிக்கவில்லை. தகட்டைக் கிட்டப் போய்ப் படித்தார். மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"அப்ப நீ அழேல்லை?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"இல்லை, மாமி. சிரிச்சனான்."

"செபத்துக்குள்ளையோ?"

"ஓம், மாமி. அடக்க ஏலாமல் போச்சு."

அந்த அம்மாவின் மேலுதடு துடித்தது. பிறகு கன்னம், பிறகு வயிறு. கதிரையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். எங்கள் எல்லாருக்கும் அணை உடைந்தது. சிரித்து ஓய்ந்ததும் மகளை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"கலியாணப் பூசையிலை மட்டும் என்ரை முகத்தைப் பார்த்திடாதை, பிள்ளை. பிறகு ரெண்டு பேருக்கும் ஏலாது."