கை என்னும் வேர்

காலை ஐந்து பத்து. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுச் சமையலறை விளக்கு எரிந்ததும் முதலில் கண்ணில் படுவது அம்மாவின் கைகள். தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு விரலிடுக்கிலும் நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். தகரத் துகள் தோலில் தங்காமலிருக்க அதுதான் வழி என்று அவரோடு வேலை செய்த பெண்கள் எல்லோரும் நம்பினார்கள். அதன்பின் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ், படகுத்துறையிலிருந்து ஃபெரி, பட்டர்வொர்த்தில் கம்பெனி பஸ் என்று மாறி மாறிப் போய், ஏழு மணிக்கு மாக் மண்டினில் டின் மூடி அடிக்கும் தொழிற்சாலையில் தகரத்தை அழுத்தி வெட்டும் நான்காம் எண் பிரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்பா இறந்தபின் வீட்டில் வந்த சம்பளம் அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த ஆண்டு ஆங்கில வகுப்பில் வாரம் ஒரு வேர்ச்சொல்லைக் கொடுத்து, அதிலிருந்து கிளைத்த இருபது சொற்களைத் தேடிக்கொண்டு வரச் சொல்வார்கள். அந்த வாரத்து வேர், லத்தீனில் கையைக் குறிக்கும் ‘மானுஸ்’. பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்து, அம்மா எண்ணெய் தேய்க்கும் நேரத்தில் நான் உரக்கப் படிப்பேன். மேனுவல் என்றால் கையால் செய்வது. மேனுஸ்கிரிப்ட், கையால் எழுதியது. மெயின்டெயின், கையில் பிடித்து வைத்திருப்பது. எமான்சிப்பேட், பிடித்த கையிலிருந்து விடுவிப்பது. மேனுஃபேக்சர் என்றால் கையால் ஆக்குவது. ஆக்கும் வேலை இயந்திரத்துக்குப் போன பின்னும் சொல் மாறாமல் நின்றுவிட்டது. எருவைக் குறிக்கும் மெனூர் என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான் என்றபோது அம்மா சிரித்தார்.

“மண்ணைக் கையால கிண்டினவன் வெச்ச பேரா இருக்கும்.”

அந்த ஊகம் ஏறத்தாழ சரிதான் என்று பிற்பாடு ஒரு பெரிய அகராதியில் பார்த்தேன். இருபதாவது சொல் கிடைக்காமல் நான் மேங்கோவைச் சேர்த்திருந்தேன். ஆசிரியை அதை அடித்து, இது தமிழிலிருந்து போன சொல் என்று ஓரத்தில் குறித்திருந்தார். அம்மா அதைப் பல நாள் விடவில்லை. “மாங்கா நம்ம சொத்து லா. அத ஏன்டி வெள்ளைக்காரன் வீட்ல கொண்டுபோயி கட்டுன?”

பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் தோள் அகலத்துக்கு இடைவெளி விட்டு இரண்டு பச்சைப் பொத்தான்கள் இருந்தன. இரண்டையும் இரு கைகளால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கும். கை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் அப்படி வேலை செய்தால் ஒரு நாளைக்குக் கேட்ட எண்ணிக்கை வராது. அதனால் இடப்பக்கப் பொத்தானைக் கறுப்பு டேப்பால் இறுக்கி ஒட்டிவிட்டு, வலக்கையால் அழுத்திக்கொண்டே இடக்கையால் தகரத்தை வைப்பார்கள். காலையில் கையுறை கொடுக்கும்போதே ஆளுக்கு ஒரு துண்டு டேப்பையும் மண்டோர் கொடுத்துவிடுவார். வேலை தொடங்கும் முன் பெண்கள் ஒருவரை ஒருவர் “கட்டிட்டியா?” என்று கேட்டுக்கொள்வது, சாப்பிட்டாயா என்று கேட்பதைப்போல வழக்கமாகியிருந்தது.

மண்டோர் என்றால் அந்த வரிசையை மேற்பார்க்கும் ஆள். தமிழர். எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் குடியிருந்தார். அம்மாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு வியாழக்கிழமை அச்சு இறங்கியபோது அம்மாவின் இடக்கை உள்ளே இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி, பனியனோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். அதை அம்மா ஒருபோதும் சொல்லாமல் விட்டதில்லை.

ஒன்பதாம் நாள் மாலை ஆறரைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

“சும்மா ஃபார்மாலிட்டிதான்க்கா. கீழ ஒரு சைன் போதும்.”

அம்மா தாளை என்னிடம் நீட்டச் சொன்னார். நான் படித்து, அதிலிருந்த இரண்டு வரிகளைத் தமிழில் சொன்னேன்: பொத்தானை நானே டேப் போட்டுக் கட்டினேன். இது மேற்பார்வையாளர் யாருக்கும் தெரியாது.

“மொத வரி உண்மைதான். நான்தான் கட்டுனேன்,” என்றார் அம்மா. “ரெண்டாவது வரி யாரு எழுதுனது தம்பி?”

“ஆபிஸ்ல டைப் பண்ணதுக்கா.”

“டேப்பு?”

“அது ஸ்டோர்லேர்ந்து வரும்.”

“ஸ்டோருக்கு யாரு குடுக்கச் சொன்னா?”

மண்டோர் நான் வைத்திருந்த தேநீர்க் குவளையைச் சற்றுத் தள்ளி வைத்தார். “அக்கா, இதுல சைன் வெச்சா பேக்கிங்ல இடம் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. வைக்கலன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பேனா எடுத்துவரச் சொன்னார். தினமும் காலையில் டேப்பை எங்களுக்குக் கொடுத்தது மண்டோர் என்று ஆங்கிலத்தில் கீழே எழுதச் சொன்னார். சூப்பர்வைசர் என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

“மண்டோருன்னே எழுது. நாங்க அப்பிடித்தான கூப்புடுறோம்.”

எழுதினேன். அதற்குக் கீழே அம்மா கையெழுத்திட்டார். மண்டோர் தாளை வாங்கி, நான் எழுதிய வரியை இரண்டு முறை படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ஒன் எழுத்து நல்லாருக்கு பாப்பா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். தேநீர் அப்படியே இருந்தது.

பேக்கிங் வேலை வரவில்லை. விரல்களுக்கான காப்புறுதிப் பணம் வந்தது. அம்மா வீட்டிலேயே பலகாரம் போட்டுச் சந்தையில் விற்று என்னைப் படிக்கவைத்தார். நான் பத்திரிகையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனபின், ஒரு படக்குறிப்பைச் சரிபார்க்கும்போது மண்டோர் என்ற சொல்லைத் தேடினேன். மலாய்க்கு அது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. கட்டளையிடுபவன் என்று பொருள். அதற்கும் பின்னால் போனால், கை, கொடு என்ற இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்து நிற்கின்றன: ஒன்றைக் கையில் கொடுத்து ஒப்படைப்பது. கமாண்ட், டிமாண்ட் எல்லாம் அதே கிளை. அன்றைய பட்டியலில் மேங்கோ அடிபட்ட இடத்தில் அது இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உளுந்து களைந்துகொண்டிருந்தார்.

“அவன் கையிலயும் யாரோ குடுத்ததுதான,” என்றார்.

மாக் மண்டினில் அந்தக் கட்டடம் இப்போது டயர் கிடங்கு. புதிய பிரஸ்களில் கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிர் அறுபட்டு இயந்திரம் தானே நின்றுவிடுகிறது. மேற்பார்வையாளரை இளைஞர்கள் லீடர் என்கிறார்கள். மண்டோர் என்றால் பலருக்குப் புரிவதில்லை. சொற்பட்டியல் அலமாரியோடு போய்விட்டது. அம்மா என்னோடு இருக்கிறார். இன்றும் ஐந்து பத்துக்கு விழித்துவிடுகிறார்.

அன்று காப்புறுதிக் கடிதத்தோடு, அம்மா கையெழுத்திட்ட அந்தத் தாளின் நகல் ஒன்றும் தபாலில் வந்தது. அதை வைத்திருக்கிறேன். அதில் தட்டச்சு செய்த இரண்டு வரிகள் அப்படியே இருக்கின்றன. நான் எழுதிய வரி, அடிக்கோல் வைத்து, ஒரே நேர்கோட்டால் அடித்து நீக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே அம்மாவின் கையெழுத்து இருக்கிறது.