என் கிட்னிக்குக் கெடு வைத்த டிரஸ்ஸர்

வேலை நிரந்தரமாவதற்காக ஆஸ்பத்திரியில் எனக்கு இரத்தம் எடுத்தார்கள். அதற்கு முதல் நாள்தான் பொட்டுத் தண்ணீர் குடிக்காமல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்திருந்தேன். பரிசோதனைச் சீட்டை எங்கள் கம்பெனி டிரஸ்ஸரிடம் காட்டினேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. மிடுக்கோ பெரிய டாக்டருடையது.

“ரத்தத்துல யூரியா ஏறிப்போச்சு லா, தம்பி. ரெண்டு கிட்னியும் முடிஞ்சுது. ஊருக்குக் கடுதாசி போட்டுடு” என்றார்.

அந்த உளறலை நம்பி நானும் எழுதினேன். ஊரில் என் மனைவி ஒரு வாரம் சோறு தொடவில்லை.

பிறகு பார்த்த தமிழ் டாக்டர், “ரத்தம் எடுக்க முந்தி தண்ணி குடிச்சீங்களா? உடம்பு வறண்டாலும் யூரியா ஏறும்” என்றார். நன்றாகத் தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி சோதித்தார். ஒரு குறையுமில்லை.

டிரஸ்ஸருக்கு வெட்கமே இல்லை. “என் மருந்து வேல செஞ்சிருக்கு” என்றார். அவர் எனக்கு மருந்தே தரவில்லை!

இப்போதெல்லாம் சீட்டை டாக்டரிடம் மட்டுமே காட்டுகிறேன். டிரஸ்ஸரிடம் கைப்புண்ணைக்கூடக் காட்டுவதில்லை.