மாதாவின் கூட்டில் ஏறிய செல்வி

அன்பான சகோதரங்களே, அன்று காலை நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். சாட்சி சொல்ல வந்தவள் இப்படியா தொடங்குவது என்று நினைக்காதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் மிட்வைஃப். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது என் வேலை. அது மே மாதம், மாதாவின் மாதம். விடாத மழை. விடிந்தபோது கால்வாயோர ஒழுங்கைக்குள் வெள்ளம் வந்துவிட்டது.

நாங்கள் ஆயத்தமில்லாமல் இருக்கவில்லை. வெள்ளம் வந்தால் நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது, எங்கே கொண்டுபோவது என்றெல்லாம் ஒழுங்கைக்காரரோடு முன்பே பேசி, பயிற்சியும் செய்து வைத்திருந்தோம். நான் பார்த்துவந்த கர்ப்பிணி செல்விக்கு ஓட்டோ ஒழுங்கு செய்திருந்தேன். அவள் அட்டன் பக்கத்திலிருந்து வந்த சைவப் பிள்ளை. கணவன் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தான். நிறைமாதம், அதோடு பிரஷர். அன்று நான் அவள் வீட்டுக்குப் போனபோது தலையிடிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். பிரஷர் பார்த்தேன். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் தப்புவது கஷ்டம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆனால் தண்ணீர் இடுப்பளவு. ஓட்டோ மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. படகு கேட்டுப் போன் எடுத்தேன். எல்லாம் வத்தளைப் பக்கம் போய்விட்டதாம்.

அழுதேன். ஆண்டவரே, ஒரேயொரு படகுதானே கேட்கிறேன், அதுகூடத் தரமாட்டீரா என்று வாய்விட்டே கேட்டேன்.

அப்போது வெளியே ஆட்களின் சத்தம். நாலு பேர் மாதா சுரூபத்தை, பல்லக்குப் போலத் தூக்கும் அதன் கூட்டோடு தோளில் சுமந்து வந்தார்கள். மே மாதம் முழுவதும் எங்கள் பகுதியில் சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும், அங்கே கூடிச் செபமாலை சொல்வோம். சுரூபம் இருந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதால் மாதாவைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம்! உயிரோடு ஆட்கள் தவிக்க, மரச் சுரூபத்துக்கு நாலு தோளா என்று கத்திவிட்டேன்.

கத்தி முடிப்பதற்குள் என் கண் திறந்தது. நீளத் தடிகள், அகலப் பலகை, நாலு பலசாலிகள். நான் கேட்ட படகு வாசலில் நின்றது!

தூக்கியவர்களுக்கு முன்னால் வழிகாட்டி வந்தவர் செபமாலைக் குழுத் தலைவர் அந்தோனி அண்ணன். மந்திரித்த கூட்டில் வேறொரு பொருள் படவும் விடமாட்டார். செல்வியை அதில் ஏற்றவேண்டும் என்றேன். அவர் அவளைப் பார்த்தார். பிறகு சுரூபத்தை இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“மாதா என்னோட வருவா. பிள்ளையை ஏத்துங்கோ, மிஸ்ஸி.”

செல்விதான் தயங்கினாள். “சாமி இருந்த எடத்துல நா குந்தலாமா?”

“அவவும் பிள்ளைத்தாச்சியா இடம் தேடி அலைஞ்சவதான், பிள்ளை,” என்றார் அண்ணன்.

ஏறினாள். மாதாவை ஏந்திய அண்ணன் காலால் பள்ளம் பார்த்து முன்னே போனார். பின்னால் கூடு. பக்கத்தில் நான் செல்வியின் கையைப் பிடித்தபடி அருள்நிறை மந்திரம் சொன்னேன். ஜன்னல்களில் நின்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். ஒழுங்கை முழுக்க ஒரே செபம். இப்போது நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது!

ஓட்டோ காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். ஆண்டவருக்கு ஆயிரம் நன்றி!

இப்போது எங்கள் வெள்ளப் பயிற்சிக்கு முதலில் வருவது அந்தோனி அண்ணன்தான். நானும் மாறிவிட்டேன். செபித்த பிறகு வானத்தைப் பார்ப்பதில்லை, வாசலைப் பார்க்கிறேன்.

சகோதரங்களே, நம்பிக் கேளுங்கள். கேட்ட உருவத்தில் உதவி வராமல் போகலாம். வந்தவர்களை என்னைப்போல் ஏசாதீர்கள். ஆளை ஏற்றுங்கள்.